பழைய அடிக்காலமும் பிந்திய மணியும்: நேரத் தாமதம் கண்டறியப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தில் டைமர்களை நிர்வகிக்கும் அமைப்பு 2016ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்டது. அம்மாற்றத்தில் தங்கியிருந்த ஒரு குறை மறு ஆண்டு வெளிப்பட்டது. ஒரு துடிப்பில் எழ வேண்டிய டைமர் நூற்றுக்கணக்கான துடிப்புகள் பிந்தி எழுந்தது. இப்பின்னடைவு எவ்வாறு தோன்றியது, ஏன் நெடுநாள் மறைந்திருந்தது, எம்முறையால் கண்டறியப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை வானாய்வகத்தின் ஒலித் தாமத ஆய்வும், குடியாத்தம் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையின் நேர ஒழுங்கும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நேரத் தாமதத்தின் தோற்றுவாய் பெரும்பாலும் கடிகாரத்தில் இல்லை. கடிகாரத்தை நம்பிக் கணக்கிடும் இடத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சென்னை நேரம், குடியாத்தம், லினக்ஸ் கருவகம், டைமர், நேரச் சக்கரம், தாமதம், பின்னடைவு.

முன்னுரை

நேரம் தொடர்பான பிழைகள் இருவகைப்படும். கடிகாரமே தவறான நேரத்தைக் காட்டுவது ஒருவகை. கடிகாரம் சரியாக இருந்தும், அதனை ஒட்டி நிகழ வேண்டிய செயல் பிந்துவது மற்றொரு வகை. முதல்வகையை வேறொரு கடிகாரத்துடன் ஒப்பிட்டால் அறியலாம். இரண்டாம் வகை அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருக்கும் நிலையிலேயே பிழை தொடர்ந்து நிகழும். ஆதலால், செயல் எப்போது நிகழுமாறு வேண்டப்பட்டது, எப்போது நிகழ்ந்தது என்னும் இரு பதிவுகளையும் அருகருகே வைத்தாலன்றி அதனைக் கண்டறிய இயலாது. இம்முறை கணினிக் காலத்திற்கு முற்பட்டது. தமிழகத்தில் அதற்குத் தெளிவான முன்வரலாறு உண்டு.

1. சென்னை வானாய்வகமும் ஒலியின் தாமதமும்

1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்தின் பணிகளுள் நேரத்தை நிறுவுதலும் ஒன்று. அதன் வானியலாளராக விளங்கிய ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தவர். 1802இல் அவர் நிறுவிய கணக்கே பின்னர் 'சென்னை நேரம்' என வழங்கியது.

கோல்டிங்ஹாம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். அதன் முடிவுகள் 1823இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கப்பட்ட பீரங்கிகளை அவர் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். ஒளிக்கீற்று கண்ணுக்குத் தெரிந்த கணத்திற்கும் முழக்கம் காதில் விழுந்த கணத்திற்கும் இடைப்பட்ட காலம் வானாய்வகத்தில் பதிவு செய்யப்பட்டது. பரங்கிமலை ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவிலும், கோட்டை 4 கி.மீ.க்குச் சற்று மிகுந்த தொலைவிலும் இருந்தன. அத்தொலைவுகளைக் கடக்க ஒலிக்கு முறையே ஏறத்தாழ 26 நொடியும் 12 நொடியும் தேவைப்படும்.

இவ்வாய்வில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, தாமதம் நேரடியாக அளக்கப்பட்டது. ஒளிக்கீற்று, நிகழ்வு நடந்த கணத்தின் பதிவு. முழக்கம், அது வந்தடைந்த கணத்தின் பதிவு. இரண்டாவது, ஒவ்வோர் அளவீட்டுடனும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியனவும் குறிக்கப்பட்டன. வேகம் மாதத்திற்கு மாதம் வேறுபட்டது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் மாறினால் பரங்கிமலை முழக்கத்தின் தாமதம் ஏறத்தாழ அரை நொடி மாறும். சூழலைக் குறித்துவைக்காதவர் இம்மாற்றத்தைத் தம் கடிகாரத்தின் குறையென்று கொண்டிருக்கக்கூடும். தாமதத்தை மட்டுமன்றித் தாமதம் நிகழ்ந்த சூழலையும் பதிவு செய்தமையே இவ்வாய்வின் வலிமை.

2. குடியாத்தத்தில் சென்னை நேரம்

பீரங்கி முழக்கம் நகர எல்லைக்குள் பயன்பட்டது. இருப்புப்பாதைக்கு அது போதவில்லை. 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தொடங்கப்பெற்ற தடம் மேற்கு நோக்கி நீண்டு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் வழியாகச் சோலையார்பேட்டையை அடைந்தது. தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த இப்பாலாற்றுப் பகுதியின் சரக்கும் பயணிகளும் சென்னையின் கால அட்டவணைக்கு உட்பட்டனர்.

குடியாத்தத்தின் தீர்க்கரேகை சென்னையினின்று ஏறத்தாழ 1.4 பாகை மேற்கில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கில், சென்னையில் நண்பகல் நேர்ந்து ஐந்தரை நிமிடத்திற்குப் பின்னரே குடியாத்தத்தில் நண்பகல். நிழலைப் பார்த்து நேரம் அறிந்தவருக்கும் நிலையக் கடிகாரத்தை நம்பியவருக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்தது. எனினும் இதனைத் தாமதம் எனல் பொருந்தாது. இது என்றும் மாறாத இடைவெளி. ஒருமுறை அறிந்துகொண்டால் கழித்துவிடலாம்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருந்தது. நிலையக் கடிகாரம் நாள்தோறும் சிறிது பிந்தவோ முந்தவோ செய்யும். சென்னையிலிருந்து தந்திவழி வரும் நேரக் குறிப்பைக் கொண்டு அதனைத் திருத்த வேண்டும். நாளொன்றுக்கு 10 நொடி பிந்தும் கடிகாரம் ஒருவாரம் திருத்தப்படாவிட்டால் 70 நொடி பிந்திவிடும். அக்கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிலையத்தில் எவருக்கும் ஐயம் எழாது. கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்னும் வினாவே அதன் நம்பகத்தை முடிவு செய்யும்.

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் அமைந்தமையால், 1870 முதல் சென்னை நேரம் இந்திய இருப்புப்பாதைகளின் பொதுநேரமாயிற்று. 1906 சனவரி 1 அன்று, கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முந்திய இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சென்னை நேரம் முற்றிலும் மறையவில்லை. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், இந்தியாவுக்கான பதிவில், 1906க்கு முற்பட்ட காலத்திற்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்னும் சென்னை நேரம் இன்றும் இடம்பெற்றுள்ளது.

3. நேரச் சக்கரம்

கணினியின் கருவகம் ஆயிரக்கணக்கான டைமர்களை ஒரே வேளையில் வைத்திருக்கும். வலைப்பின்னல் வழி அனுப்பிய செய்திக்கு விடை வராவிட்டால் மீண்டும் அனுப்புதல், வட்டில் எழுதும் பணி முடியாவிட்டால் எச்சரித்தல், உறங்கும் பணியை எழுப்புதல் எனப் பலவற்றுக்கும் டைமர் வேண்டும். காலம் துடிப்புகளாக எண்ணப்படும். நொடிக்கு 100, 250 அல்லது 1000 துடிப்பு எனக் கருவகத்தை அமைப்பவர் தேர்ந்துகொள்ளலாம்.

அத்தனை டைமர்களையும் வரிசைப்படுத்தி வைப்பது செலவு மிக்கது. இதற்குத் தீர்வாக ஜார்ஜ் வர்கீஸ், டோனி லாக் ஆகியோர் 1987இல் நேரச் சக்கரம் என்னும் அமைப்பை விளக்கினர். வர்கீஸ் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். அவர்கள் விளக்கிய படிநிலைச் சக்கர முறையில், அண்மையில் எழ வேண்டிய டைமர்கள் நுண்ணிய அறைகளிலும், தொலைவில் எழ வேண்டியவை பருமனான அறைகளிலும் இடப்படும். இன்று மாலை புறப்படும் வண்டியை மணி நிமிடத்துடன் குறிப்பவர், அடுத்த ஆண்டுத் தேர்த்திருவிழாவை மாதத்தால் மட்டும் குறிப்பது போன்றது இது.

லினக்ஸ் கருவகம் நெடுங்காலம் கையாண்ட சக்கரத்தில், பருமனான அறையிலுள்ள டைமர்கள் காலம் நெருங்க நெருங்க நுண்ணிய அறைகளுக்கு இறக்கப்பட்டன. இவ்விறக்கம் துல்லியத்தைக் காத்தது. ஆயினும் ஒரே கணத்தில் பல டைமர்களை இடம் மாற்ற நேர்ந்தபோது பிற பணிகள் காத்திருந்தன. துல்லியத்திற்காகச் செய்யப்பட்ட பணியே தாமதத்திற்குக் காரணமாயிற்று.

4. 2016ஆம் ஆண்டு மாற்றம்

2016 அக்டோபரில் வெளிவந்த 4.8ஆம் பதிப்பில், தாமஸ் கிளைக்ஸ்னரின் முயற்சியால் சக்கரம் புதிதாக அமைக்கப்பட்டது. இறக்கும் முறை கைவிடப்பட்டது. டைமர் எந்த அறையில் இடப்பட்டதோ அந்த அறையிலேயே இருந்து எழும். ஒவ்வொரு மட்டத்திலும் 64 அறைகள். ஒரு மட்டத்தின் படியளவு அதற்கு முந்தைய மட்டத்தைப்போல் 8 மடங்கு. முதல் மட்டத்தில் படியளவு 1 துடிப்பு. அடுத்தடுத்த மட்டங்களில் 8, 64, 512 என உயரும். நான்காம் மட்டம் 4096 முதல் 32,767 துடிப்பு வரையுள்ள தொலைவுக்கு உரியது.

இவ்வமைப்பு அளவறிந்த துல்லியக் குறைவை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான டைமர்கள் எழுவதற்கு முன்பே நீக்கப்படுபவை. விடை வந்துவிட்டால் மீண்டும் அனுப்பத் தேவையில்லை. அத்தகையவற்றுக்கு மிகு துல்லியம் வீண். டைமர் முந்தி எழாது, பிந்தலாம், அப்பிந்தலும் கேட்ட காலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது இவ்வமைப்பின் உறுதிமொழி. மிகு துல்லியம் வேண்டுவோருக்கு வேறொரு டைமர் அமைப்பு 2006 முதல் கருவகத்தில் இருந்தது.

ஆனால் இவ்வுறுதிமொழி ஒரு முன்நிபந்தனையைச் சார்ந்தது. டைமரின் தொலைவு, சக்கரம் தன் உள்ளே வைத்திருக்கும் அடிக்காலத்திலிருந்து கணக்கிடப்படும். அந்த அடிக்காலம் நடப்புக் காலத்துடன் ஒத்திருக்க வேண்டும். இயங்கும் நுண்செயலியில் ஒவ்வொரு துடிப்பும் அடிக்காலத்தை முன்னகர்த்தும். மின்னாற்றலைச் சேமிக்கும்பொருட்டு ஓய்விலுள்ள நுண்செயலியில் துடிப்பை நிறுத்திவைக்கும் வழக்கம் 2007 முதல் லினக்ஸில் உண்டு. துடிப்பு நின்றால் அடிக்காலமும் நிற்கும். இதனை அறிந்தே, புதிய டைமர் இடப்படும்போது அடிக்காலத்தை முன்தள்ளும் ஏற்பாடு 2016 மாற்றத்திலேயே சேர்க்கப்பட்டது. அவ்வேற்பாடு எல்லா வழிகளையும் அடைக்கவில்லை.

5. 2017ஆம் ஆண்டுப் பின்னடைவு

2017 சூலையில் கருவக உருவாக்குநரிடையே ஒரு முறையீடு எழுந்தது. நுண்செயலி முடங்கியதா எனப் பார்க்கும் முடக்கக் கண்காணியை நீக்கிவிட்டுக் கருவகத்தை இயக்கினால், ஆர்.சி.யூ. என்னும் உறுப்பு முடங்கியதாக எச்சரிக்கைகள் வந்தன. ஆர்.சி.யூ. என்பது பல நுண்செயலிகள் ஒரே தரவைப் பூட்டின்றிப் படிக்க இடந்தரும் ஏற்பாடு. ஆர்ம், ஸ்பார்க், பவர் என வெவ்வேறு வகை நுண்செயலிகளில் இவ்வறிகுறி காணப்பட்டது.

எச்சரிக்கை ஆர்.சி.யூ.வின் பெயரைச் சொன்னமையால் ஐயம் முதலில் அதன்மீதே விழுந்தது. எனினும் அது நோயுற்ற உறுப்பன்று; நோயை உணர்ந்த உறுப்பு. ஆர்.சி.யூ.வின் பணி சில துடிப்புகள் உறங்கி எழுமாறு டைமரை அமைத்துக்கொள்ளும். அந்த டைமர் உரிய காலத்தில் எழவில்லை.

நிக்கோலஸ் பிகின் 2017 ஆகஸ்டில் அளித்த திருத்தம் காரணத்தை மூன்று இடங்களில் சுட்டியது. ஏற்கெனவே உள்ள டைமரின் காலம் மாற்றப்படும்போது, அறை எண் கணக்கிடப்பட்ட பின்னரே அடிக்காலம் முன்தள்ளப்பட்டது. குறிப்பிட்ட ஒரு நுண்செயலியில் டைமரை இடும் வழியில் அடிக்காலம் முன்தள்ளப்படவே இல்லை. மூன்றாவது, நுண்செயலி ஓய்வு கலைந்ததாகக் குறிக்கப்பட்டதற்கும் முதல் துடிப்பு வருவதற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் டைமர் இடப்பட்டால், பழைய அடிக்காலமே கணக்கில் கொள்ளப்பட்டது.

விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நுண்செயலி 5000 துடிப்புகள் ஓய்வில் இருந்ததாகவும், அடிக்காலம் அந்த அளவுக்குப் பழையதாகிவிட்டதாகவும் கொள்வோம். ஒரு துடிப்பில் எழ வேண்டிய டைமர் அப்போது இடப்பட்டால், சக்கரத்தின் பார்வையில் அதன் தொலைவு 5001. ஆகவே அது படியளவு 512 உடைய நான்காம் மட்டத்திற்குச் செல்லும். நொடிக்கு 250 துடிப்பு என்னும் அமைப்பில், 4 மில்லிநொடியில் எழ வேண்டியது 2 நொடி வரை காத்திருக்க நேரும். கடிகாரம் இங்குப் பிழைபடவில்லை. எந்தக் காலத்தில் எழ வேண்டும் என்னும் குறிப்பும் சரியானது. எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதே தவறியது.

திருத்தத்துடன் அளவீடும் அளிக்கப்பட்டது. ஓய்விலுள்ள கணினியில், ஒவ்வொரு டைமரும் கேட்ட காலமும் பெற்ற காலமும் தடமறி கருவியால் பதிவு செய்யப்பட்டு ஒப்பிடப்பட்டன. திருத்தத்திற்கு முன் அவ்விகிதத்தின் உச்ச அளவு 506, சராசரி 1.20, திட்ட விலக்கம் 4.68. திருத்தத்திற்குப் பின் உச்ச அளவு 2, சராசரி 1.08, திட்ட விலக்கம் 0.15. உச்ச அளவாகிய 506, நான்காம் மட்டத்தின் படியளவாகிய 512க்கு மிக அருகில் நிற்பது காரணத்திற்கும் விளைவுக்கும் உள்ள இயைபைக் காட்டுகிறது.

சராசரியை மட்டும் பார்த்தால் 1.20க்கும் 1.08க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 506 மடங்கு பிந்திய டைமர் அச்சராசரிக்குள் அடங்கியிருந்தது. அரிதாக நிகழும் பெருந்தாமதத்தைச் சராசரி காட்டாது என்பதற்கு இவ்வெண்கள் சான்று.

6. காவலே மறைத்த பிழை

குறை 2016 முதல் இருந்தும், ஏறத்தாழ ஓராண்டு ஏன் வெளிப்படவில்லை என்னும் வினா வரலாற்று நோக்கில் முதன்மையானது. விடை அத்திருத்தக் குறிப்பிலேயே உள்ளது. முடக்கக் கண்காணி செயற்படும்போது எந்த நுண்செயலியும் 4 நொடிக்கு மேல் தொடர்ந்து ஓய்வில் இருக்க இயலாது. பிழை உண்டா எனப் பார்க்க அது நுண்செயலியை அடிக்கடி எழுப்பும். எழுப்பும்போதெல்லாம் அடிக்காலமும் முன்னகரும். ஆகவே அடிக்காலம் மிகப் பழையதாக வாய்ப்பில்லாமற் போயிற்று.

2017இல் கண்காணியின் அமைப்புத் தெரிவுகள் மாற்றப்பட்டன. அதனால் பலருடைய அமைப்புக் கோப்புகளில் கண்காணி அவர்கள் அறியாமலேயே விடுபட்டது. காவல் நீங்கியதும் ஓய்வு நீண்டது. ஓய்வு நீண்டதும் பழைய குறை பெரிதாயிற்று. கண்காணி இருந்த நிலையிலும் குறை அறவே இல்லாமல் இல்லை. அந்நிலையிலும் உச்ச அளவு 9 எனப் பதிவாகியது. திருத்தத்திற்குப் பின் அது 2 ஆயிற்று. சிறிய அளவில் என்றும் இருந்ததை எவரும் அளந்து பார்க்கவில்லை.

இங்கு முறையியல் சார்ந்த ஒரு கருத்து பெறப்படுகிறது. பின்னடைவு ஒன்று தோன்றியவுடன், அண்மையில் மாறியது எது என்று வினவுவது வழக்கம். அவ்வாறு வினவியிருந்தால் கண்காணியின் தெரிவு மாற்றமே குற்றவாளியாகக் கொள்ளப்பட்டு, அதனை மீட்டமைப்பதோடு ஆய்வு முடிந்திருக்கும். எச்சரிக்கைகள் நின்றிருக்கும், குறை நின்றிராது. அண்மை மாற்றம் பிழையை உண்டாக்கியதா, அன்றி முன்பே இருந்ததை வெளிக்கொணர்ந்ததா என்று பிரித்தறிந்தமையே இக்கண்டறிதலின் சிறப்பு.

திருத்தம் முழுமையானதும் அன்று. முன்பே இடப்பட்ட டைமருக்கு அதே காலம் மீண்டும் கேட்கப்படும்போது, கணக்கீட்டைத் தவிர்த்துவிடும் விரைவழி ஒன்று உண்டு. அதில் பழைய பருமனான அறையே தொடர வாய்ப்புள்ளது. வலைப்பின்னலின் விரைவுக்கு அவ்வழி இன்றியமையாதது என்பதால் அது மாற்றப்படவில்லை. அக்குறையைச் சுட்டும் குறிப்பு மட்டும் நிரலில் எழுதிவைக்கப்பட்டது. அறிந்தே விடப்பட்ட குறையைப் பின்வருவோர் அறியுமாறு பதிவு செய்தல் நல்ல ஆவண மரபு.

முடிவுரை

கோல்டிங்ஹாமின் ஆய்வும் 2017ஆம் ஆண்டுக் கண்டறிதலும் காலத்தாலும் கருவியாலும் வேறுபட்டவை. ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியதும் அன்று. எனினும் இரண்டும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றின. வேண்டிய கணமும் வந்தடைந்த கணமும் தனித்தனியே பதிவாயின. சூழல் உடன் குறிக்கப்பட்டது. முடிவு எண்களால் சொல்லப்பட்டது.

குடியாத்தம் நிலையக் கடிகாரம் காட்டும் பாடம் இவ்விரண்டையும் தெளிவாக்குகிறது. ஐந்தரை நிமிட இடைவெளி எவருக்கும் தெரிந்தது. ஆகவே அது தீங்கற்றது. கடைசித் திருத்தத்திற்குப் பின் கழிந்த நாட்களே அறியப்படாத பிழையைச் சேர்த்தன. நேரச் சக்கரத்தில் ஓய்வுக்காலம் அதே பங்கை வகித்தது. நிலையான வேறுபாட்டைக் கழித்துவிடலாம். பழமையடையும் அடிக்காலத்தைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்கும் பணி வேறொரு பணியின் துணைவிளைவாக நடந்துகொண்டிருக்கும் வரை, அப்பணி தேவை என்பதே தெரியாது.

கருவகத் திருத்தங்களுடன் எழுதப்படும் குறிப்புகள் தொழில்நுட்பர்க்கு மட்டும் உரியவை அல்ல. காரணம், சூழல், அளவீடு, எஞ்சிய குறை ஆகிய நான்கையும் நாளிட்டுப் பதிவு செய்யும் அவை, அறிவியல் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். வானாய்வகப் பதிவேடுகளைப் படிக்கும் அதே கவனத்துடன் அவற்றையும் தமிழாய்வுலகம் படிக்கத் தொடங்கினால், கணினி வரலாறு தமிழில் எழுதப்படுவதற்கு உறுதியான அடித்தளம் கிடைக்கும்.